பிழை பார்க்கக் கொடுத்த நாவலையே மாற்றி எழுதிவிட்டால்

வணக்கம் நண்பரே. பிழை மட்டும் பார்க்கச் சொல்லி நாவலைக் கொடுத்தீர்கள், திரும்பி வந்த கோப்பில் வட்டார வழக்கு உரையாடல் எல்லாம் பாடப்புத்தகத் தமிழாகிக் கிடக்கிறது, மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனே கொடுக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். முதலில் பிழை திருத்தியவர் எங்கெங்கே கை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வேர்டில் ரிவ்யூ பகுதியில் கம்பேர் இருக்கிறது, உங்கள் பழைய கோப்பையும் அவர் அனுப்பியதையும் அதில் கொடுத்தால் மாறிய ஒவ்வொரு இடமும் தனியாகத் தெரியும், வேண்டாததை அங்கேயே ரிஜெக்ட் செய்யலாம்.

'வேலைக்கு சென்றான்' என்பதை 'வேலைக்குச் சென்றான்' ஆக்கியிருந்தால் அது மெய்ப்பு, அதாவது பிழை திருத்தும் வேலை, அதற்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். 'ஆத்தா சோறு வச்சா' என்பதை 'அம்மா உணவு பரிமாறினாள்' ஆக்கியிருந்தால் அது நீங்கள் கேட்காத வேலை, பாத்திரத்தின் பேச்சையே பறிக்கிற வேலை. அதையெல்லாம் பழையபடி ஆக்கித் தரச் சொல்லுங்கள், தந்ததும் பேசிய தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், பாமினி மாதிரி பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் கொம்பும் காலும் சில இடங்களில் பிசகியிருக்கும், அந்தப் பழியை அவர் தலையில் போடாதீர்கள்.

அடுத்த முறை உரையாடல் நிறைந்த நாலைந்து பக்கத்தை மாதிரிக்குக் கொடுத்துப் பாருங்கள். செய்த மாற்றத்தையெல்லாம் குறித்துக் காட்டுகிற ட்ராக் சேஞ்சஸ் போட்டுத்தான் திருத்த வேண்டும், பேச்சு வழக்கைத் தொடக் கூடாது என்பதை முன்பணம் தருவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதி, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள்.