போலீஸ் அடித்தால் நாடு எப்படிப் பொறுப்பாகும்?

"லாக்கப்பில் யாரோ ஒரு அதிகாரி அடிக்கிறார், நாகர்கோவிலில் கடை வைத்திருக்கும் எனக்கு அதில் என்ன பங்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பக்கத்துச் சுசீந்திரத்திலிருந்தே தொடங்கலாம். திருவிதாங்கூர் காலத்தில், ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் அங்கே கொதிக்கும் நெய்யில் கைவிட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. 'கைமுக்கு' என்ற அந்த வழக்கம் சுவாதித் திருநாள் ஆட்சியில் ஒழிந்தது. இன்று கேட்டால் சிரிப்போம். ஆனால் "நாலு தட்டுத் தட்டினால் உண்மை வந்துவிடும்" என்பதும் அதே நெய்தான். வலி தாங்காதவன் உண்மையைச் சொல்வதில்லை, அடிப்பவர் கேட்க விரும்புவதைச் சொல்வான். போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே, அதுவும் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், ஏற்கவில்லை.

நீலாவதி பெஹரா வழக்கில் (1993), காவல் மரணத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அரசின் பணம் என்றால் உங்கள் கடை கட்டும் வரியும்தான்.

பணத்தைவிடப் பெரிய பங்கு ஒன்று உண்டு. 2020இல் தூத்துக்குடி மாவட்டச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீசிடம் சிக்கி இறந்தபோது கொதித்த நாமே, 'என்கவுன்ட்டர்' செய்தி வந்தால் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டல் மேலே இருப்பவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது; இன்னும் உறுதிசெய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய தடுப்பு மசோதாவும் சட்டமாகாமல் காலாவதியானது. அதைக் கேட்டு எந்தத் தேர்தலிலும் யாரும் ஓட்டை மாற்றிப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.