கடப்பாறைப் படியில நடுங்கின கால்

கேள்வி: பிரெண்ட்ஸ் நாலு பேரோட பர்வதமலை ஏறினேன். அங்க செங்குத்துப் பாறையில இரும்புக் கடப்பாறையை அடிச்சு, பிடிச்சுக்க சங்கிலி போட்டிருக்கற கடப்பாறைப் படி பாதியில காலு நகரவே இல்ல, அழுதுட்டேன். பசங்க அதை வீடியோ எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க. அதுலேர்ந்து ஆபீஸ் நாலாவது மாடி ஜன்னல் பக்கம்கூட போறதில்ல. இப்ப மறுபடி கூப்பிடறாங்க, "ஆளுக்கொரு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடறோம், அப்பதான் பயம் போகும்"ங்கறாங்க. போகட்டுமா? நான் கோழையா? (பெயர் வேண்டாம், வேலூர்)

பதில்: போகாதீங்க. இந்தத் தடவை, இவங்களோட, வேண்டவே வேண்டாம்.

கோழைங்கற பேச்சை முதல்ல விடுங்க. நாம நேரா நிக்கறதுக்கு கண்ணு, உள்காது, காலு மூட்டு எல்லாம் சேர்ந்து வேலை செய்யுது, தரையில இருக்கும்போது பக்கத்துல ஒரு சுவரோ மரமோ கண்ணுக்குப் பிடிமானமா இருக்கும், மலையில திரும்பிப் பார்த்தா எல்லாமே தூரத்துல கிடக்குது, உடம்பு லேசா ஆடினாக்கூட கண்ணுக்குத் தெரியறதில்ல, உடனே மூளை பதறி பாறையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுது. அதனால ஏறும்போது ரெண்டடி தூரத்துல இருக்கற பாறையைப் பாருங்க. மயங்கி விழுந்துடுவோம்னு தோணும், ஆனா ரத்தத்தைப் பார்த்தா மயங்கறாங்களே அந்த மாதிரி இல்ல இது, இந்தப் பயத்துல பிரஷர் ஏறத்தான் செய்யும், அதனால மயக்கம் வர்றது அபூர்வம்.

கால் நடுக்கமும் பாதி பயம், பாதி நுனிக்கால்ல நிக்கறதால. எனக்கும் அதே மலையில, அதே கடப்பாறையில நடுங்கிச்சு. எனக்குக் கீழ ஏறி வந்துட்டிருந்த ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், "நுனிக்கால்ல நிக்காத கண்ணு, நடுப்பாதத்தை வை"ன்னு சொல்லி, ஒரு கையால சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால என் பாதத்தை இரும்பு மேல தள்ளி வெச்சு அப்படியே கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சிருந்தாங்க. அவங்களுக்குப் பின்னாடி வரிசையே நின்னுச்சு, ஒருத்தர்கூட சீக்கிரம்னு சொல்லல. நடுக்கம் நின்னுபோச்சு. உங்களுக்குக் கீழ நின்னவங்க கையில போன் இருந்திருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தமா இருக்கு.

இழுத்துட்டுப் போறோம்ங்கறது சுத்தமா தப்பு. அங்க உங்க ரெண்டு கையும் உங்களுக்கு வேணும், ஒருத்தர் அதைப் பிடிச்சுக்கிட்டா உங்களுக்கு ஒரு பிடி போச்சு, வழுக்கினா மூணு பேரும் போவீங்க. அப்படியே மேல போய்ச் சேர்ந்தாலும் பயம் போகாது, ஏன்னா நின்னது நீங்க இல்ல. ஜெர்மன் கவிஞர் கதேவுக்கும் உயரம்னா ஆகாது, 1770-ல சட்டம் படிக்க ஸ்ட்ராஸ்பர்க் போனவர் அந்த ஊர் தேவாலயக் கோபுரத்துல தனியா ஏறி, உச்சிக்குக் கீழ கால் மணி நேரம் உக்காந்திருந்து, அப்புறம் வெளிய ஒரு சின்ன மேடையில வந்து நிப்பாராம். திரும்பத் திரும்ப இதையே செஞ்சு பயம் விட்டுப்போச்சுன்னு சுயசரிதையில எழுதியிருக்கார். யாரும் இழுக்கல.

இப்ப உங்க தப்புக்கு வர்றேன். அந்த ஜன்னல். ஒவ்வொரு தடவை ஒதுங்கும்போதும் ஒரு நிம்மதி வருதுல்ல, அந்த நிம்மதிதான் உங்க பயத்துக்குச் சோறு போட்டு வளக்குது. நாளைக்கே அங்க போய் நில்லுங்க, நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும், அது தானா அடங்கற வரைக்கும் நகராதீங்க, பாதியில ஓடி வந்தா திரும்ப முதல்லேர்ந்துதான். ஜன்னல் பழகினப்புறம் மொட்டை மாடி, அப்புறம் சோளிங்கர் பெரிய மலை, ரோப் கார்ல போகாம ஆயிரத்து முந்நூறு படியையும் நடந்தே ஏறுங்க. சமதரையில நிக்கும்போதே உலகம் சுத்துதுன்னா அது வேற, காது டாக்டரப் பாருங்க. இதனால வேலையே கெடற அளவுக்கு இருந்தா மனநல டாக்டர்கிட்ட போங்க, இப்படிப் படிப்படியா பழக்கறதுதான் அங்கயும் முக்கியமான சிகிச்சை.

பசங்ககிட்ட வீடியோவ அழிக்கச் சொல்லுங்க, கெஞ்சாம சொல்லுங்க. அதை அழிக்கறவன் யாருன்னு பாருங்க. பர்வதமலைக்கு நீங்களா ஒரு நாள் குறிச்சு அவனைக் கூட்டிட்டுப் போங்க, இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி ஏணி இறங்கற மாதிரி இறங்குங்க, அவன் உங்களுக்கு ஒரு கடப்பாறை கீழ இருக்கட்டும், போன் பையில இருக்கட்டும்.