ரத்தம், ஹீமோகுளோபின்: வாசகர் கேள்வி-பதில்

ரத்தம் (ஹீமோகுளோபின்) 10.5 என்று வந்திருக்கிறது. பயமா? (சுங்கை சிப்புட்)

ஆணா பெண்ணா, கர்ப்பிணியா, வயதென்ன, ஒன்றுமே எழுதாமல் எப்படிச் சொல்வது? ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 (டெசிலிட்டருக்குக் கிராம்). இதற்குக் கீழே போனால் சோகை. ஆணென்றால் குடலில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இரும்பு மாத்திரை வாங்குமுன் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள்.

சிவப்பணு ஏன் நடுவில் குழிந்திருக்கிறது? (படிவம் 4 மாணவி)

உட்கரு கிடையாது, அந்த இடமும் ஹீமோகுளோபினுக்கே. தட்டையாக இருப்பதால் ஆக்சிஜன் சட்டென்று உள்ளே போய் வரும். 7, 8 மைக்ரான் அகலமுள்ள அணு, தன்னைவிடக் குறுகிய நுண்குழாயிலும் மடங்கி நுழையும். ஓர் அணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடிக்கும். ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமக்கும் ஆக்சிஜனில் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆயுள் 120 நாள்.

இரண்டு வருடமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், ஹீமோகுளோபின் 10.8-ஐத் தாண்டவில்லை. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 62, சிவப்பணு எண்ணிக்கை 5.6 (மைக்ரோலிட்டருக்கு மில்லியன்). மாத்திரையைக் கூட்டலாமா? (பாகான் செராய்)

கூடவே கூடாது. இரும்புதான் குறை என்றால், ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரு மாதத்தில் 1 புள்ளியாவது ஏறியிருக்கும். இரண்டு வருடம் அசையாததைப் பார்த்தும் அதே மாத்திரையை மறுபடி எழுதித் தருவது பெரும் தவறு. அறிக்கையிலேயே விடை இருக்கிறது. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள், 11 வருகிறது. 13-க்குக் கீழே என்றால் தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) கடத்தியாக, அதாவது அதன் மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அணு சிறியது, எண்ணிக்கையோ குறையவில்லை. இது சந்தேகம் மட்டுமே. முதலில் ஃபெரிட்டின், பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வு. தலசீமியாவில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. இரும்பு குறைந்திருந்தால், பீட்டா கடத்தியிடம் கூடியிருக்க வேண்டிய ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவும் இறங்கி, பீட்டா தலசீமியாவை மறைத்துவிடும். ஆல்ஃபா வகை பகுப்பாய்விலும் தப்பலாம், அதற்கு மரபணுச் சோதனை. தேவையில்லாத இரும்பு ஈரலில் போய்த் தேங்கும்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடென்றால் இருவரும் சோதியுங்கள். இருவருமே பீட்டா கடத்திகள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, வந்தால் ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிவரும். பள்ளியில் பிள்ளைகளுக்குச் செய்யும் தலசீமியா சோதனையின் முடிவை வீசிவிடாதீர்கள், பத்திரப்படுத்துங்கள்.

இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கலாமா?

கூடாது. தேத்தண்ணி, பால் இரண்டுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. எலுமிச்சைச் சாறு நல்லது. ஃபெரிட்டின் பார்த்தாயிற்றா?

தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிறோம்.

நிறுத்துங்கள். உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் காய்ச்சினால் போகாது, செறிவுதான் கூடும். அது ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிஜன் பிடிக்க முடியாதபடி மாற்றிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்து அதிகம். உதடு நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரி.