யாரிடமும் சொல்லாத ரகசியத்தைச் சொல்லிவிட்டால் மனப்பாரம் குறையுமா?

பெரும்பாலும் குறையும். ஆனால் யாரிடம், எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

யாராவது துருவிக் கேட்கும்போது மறைப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெப்பியன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி மறைக்க நேர்வதைவிட, தனியாக இருக்கும்போது மனம் தானாக அந்த ரகசியத்துக்குப் போவதே அதிகம் என்று தெரிந்தது. நிம்மதியைக் கெடுப்பதும் இதுதான். நினைக்கவே கூடாது என்று அடக்கினாலும் பலிக்காது. குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான்.

தனியாகப் புரட்டும்போது புதிதாக எதுவும் கிடைப்பதில்லை, அதே குற்ற உணர்வு அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. இன்னொருவரிடம் சொல்லும்போது ஆறுதலோ, நாம் யோசிக்காத ஒரு கோணமோ கிடைக்கிறது. 'இதைச் சமாளிக்கலாம்' என்ற தெம்பு அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். கலகலப்பாகப் பழகுகிறவரைவிட, இரக்கமும் நேராகப் பேசும் குணமும் உள்ளவர் மேல். உங்கள் செயலைக் கேட்டு ஒழுக்க ரீதியாகக் கொதித்துப்போகக் கூடியவர் வேண்டாம். 'இதற்குத் தண்டனை வேண்டும்' என்ற கோபத்தில்தான் பல ரகசியங்கள் வெளியே போகின்றன. சம்பந்தப்பட்டவர்களோடு தினமும் பழகும் உறவினரும் வேண்டாம். அவர்களிடமெல்லாம் உங்களுக்காக அவர் மறைத்தாக வேண்டும், உங்கள் பாரம் அவர் தலையில் ஏறும்.

சொல்லும் முன் இவ்வளவு போதும்: "ஒரு விஷயம் சொல்லணும். இப்போ யோசனை எதுவும் வேண்டாம், கேட்டா போதும். வீட்டுல கூட சொல்லிடாதீங்க." கடைசி வாக்கியத்தை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். மனைவியிடமோ கணவரிடமோ சொல்வதைப் பலர் 'வெளியே சொன்னதாக' எண்ணுவதே இல்லை.

ஆள் கிடைக்கவில்லையா? எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்கள் வாழ்வின் மோசமான அனுபவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். நடந்ததையும் அதனால் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த 6 மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. இது தெரியாமல் முதல் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். பிழை பார்க்காதீர்கள், எழுதியதும் கிழித்துவிடலாம். ஒரு சம்பவத்தை எழுத உட்கார்ந்தாலே நிலைகுலைந்துபோனால், அதை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

பாலியல் கொடுமை, தற்கொலை எண்ணம் போன்றவற்றை எழுதுவதோடு விடக் கூடாது. மனநல மருத்துவரிடம் போங்கள். நோயாளி சொன்னதைக் காப்பது அவருடைய சட்டக் கடமை, இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் தமிழிலேயே, கட்டணம் இல்லாமல் பேசலாம்.