மரை போன கார்புரேட்டர்: மாற்றுவதா, சரிசெய்வதா?

கேள்வி: நான் வள்ளத்தில் சொந்தமாக மீன்பிடித் தொழில் செய்பவன். அவுட்போர்டு எஞ்சினின் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யப் பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து அடிக்கிண்ணத்தின் ஓரத்தில் எரிபொருள் கசிகிறது. கிண்ணத்தைப் பிடிக்கும் ஒரு ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கார்புரேட்டரையே புதிதாக வாங்க வேண்டும் என்கிறார்கள். அது அவசியமா? செலவு என்னுடையதா? (குளச்சல் வாசகர்)

பதில்: ஒரு ஸ்க்ரூவின் மரைக்காக (ஸ்க்ரூ பிடித்து இறுகும் சுழல் பள்ளம்) கார்புரேட்டரையே மாற்றுவது பெரும்பாலும் தேவையற்ற செலவு. அதன் உடல் பெரும்பாலும் மென்மையான அலுமினியக் கலவையில் வார்க்கப்படுவதால், எஃகு ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கும்போது உடலிலுள்ள மரைதான் முதலில் உரிந்து வரும். ஆகவே ஸ்க்ரூவை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆனால் எரிபொருள் கசியும் எஞ்சினை அப்படியே ஓட்டுவது தீ விபத்துக்கு இடம் தரும் என்பதால், சரிசெய்யும்வரை கடலுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

முதலில் துளையின் ஆழத்தைப் பாருங்கள். அடியில் கெடாத மரை எஞ்சியிருந்தால், அடிதட்டாத அளவுக்குச் சற்றே நீளமான ஸ்க்ரூ போதும். மரை முழுவதும் போயிருந்தால், ஹெலிகாயில் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுச் சுருளைப் பொருத்தலாம். 5 மி.மீ. ஸ்க்ரூ என்றால், துளையை 5.2 மி.மீ. டிரில் பிட்டால் விரித்து, அந்தச் சுருளுக்கென்றே வரும் டேப் என்ற வெட்டுக் கருவியால் மரை வெட்டி, சுருளை மேற்பரப்புக்குச் சற்று உள்ளே அமரும்படி இறக்கி, அதன் அடிவாலை முறித்து வெளியே எடுத்துவிட வேண்டும். ஜெட்டுகளையும் (எரிபொருள் பாயும் நுண்துளைப் பாகங்கள்) மிதவையையும் கழற்றி வைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். உலோகத் தூள் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் ஜெட் அடைத்துக்கொள்ளும். உப்புக் காற்றில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும் என்பதால், ஸ்க்ரூவில் படகு எஞ்சினுக்கான கிரீஸை மெல்லப் பூசுவது நல்லது.

சில லேத் பட்டறைகளில் 6 மி.மீ. டேப் போட்டுப் பெரிய ஸ்க்ரூவாக்கித் தருவார்கள். இதுவும் பிடிக்கும், ஆனால் கிண்ணத்தின் துளையையும் அகலப்படுத்த வேண்டியிருக்கும், அடுத்த முறை கழற்றுபவர் பழைய அளவு ஸ்க்ரூவை அங்கே போட்டுக் குழப்பவும் கூடும். பசையால் நிரப்பி மரை வெட்டும் வேலையை, எரிபொருளும் அதிர்வும் ஓயாத இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். மரையில் டெஃப்ளான் நாடா சுற்றுவதும் வீண், கசிவைத் தடுப்பது கிண்ணத்துக்கும் உடலுக்கும் இடையே வைக்கும் கேஸ்கெட்தான். துளையைச் சுற்றியுள்ள பகுதி விரிசல் விட்டிருந்தாலோ, காற்று-எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் திருகின் இருக்கை கெட்டிருந்தாலோ, அப்போது மாற்றுவதே சரி.

இனி செலவு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. எனினும் சுயதொழில் மூலம் தம் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது; சேவை பெறுபவரை இச்சட்டம் அப்படித் தனியே குறிப்பிடவில்லை. ஆகவே படகுத் தொழில் என்பதைக் காட்டிப் பட்டறை உங்கள் புகாரை எதிர்க்கக்கூடும்; சுயதொழில் செய்பவர் என்பதை முன்வைத்து நீங்கள் புகார் தந்து பார்க்கலாம். வேலையில் குறைபாடு இருந்ததாகக் காட்ட முடிந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்து பார்க்கலாம்.

எதிர்த்தரப்பு, உப்பால் மரை முன்பே அரித்திருந்தது என்று சொல்லும். அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. துளையில் வெண்மையான பொடி படிந்திருந்தால் அரிப்பு நடந்திருக்கிறது. ஸ்க்ரூவில் பளபளப்பான அலுமினியச் சுருள் ஒட்டியிருந்தால் பலவந்தமாக முறுக்கியதற்கான அடையாளம், ஆனால் இவை குறிப்புகள் மட்டுமே. எனவே வேறு இடத்தில் சரிசெய்யக் கொடுப்பதற்கு முன், துளையையும் ஸ்க்ரூவையும் படம் எடுத்து, பழைய ஸ்க்ரூவைப் பத்திரப்படுத்தி, குறையை எழுத்தில் பட்டறைக்குத் தெரிவித்து, வேலைக்கான ரசீதுடன் சேர்த்து வையுங்கள்.