கர்னல் ரெப்பும் கடலில்லாத ஊரின் சுறாவும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கு ‘ரெபெல்ஸ்’ (கலகக்காரர்கள்) என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) அங்கு படித்த பையன்கள், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் பக்கம், தனிக் கம்பெனியாகவே (படைப்பிரிவாகவே) போய் அழிந்திருக்கிறார்கள். அவர்கள் நினைவாக இருந்த கர்னல் ரெப் என்ற மாஸ்காட்டை, அதாவது அணியின் சின்ன உருவத்தை, நீக்கிவிட்டு இப்போது சுறாவை வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் கடலே கிடையாது. இது உள்ளூர் வரலாற்றை மறைக்கிற வேலைதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பையன்கள் போனது உண்மைதான். 1861-ல் மாணவர்களில் ஏறக்குறைய எல்லோரும் படையில் சேர்ந்துவிட, பல்கலைக்கழகத்தையே மூடினார்கள். ‘யுனிவர்சிட்டி கிரேஸ்’ என்ற அந்தப் பிரிவு 11-வது மிசிசிப்பி காலாட்படையின் ஏ கம்பெனி. 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க் போரில் ‘பிக்கெட் தாக்குதல்’ எனப்படும் தென்படையின் பாய்ச்சலில் இறங்கியவர்களில் ஒருவர்கூட முழுசாகத் திரும்பவில்லை. இறந்தார்கள், காயம்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள்.

ஆனால் கர்னல் ரெப் அவர்கள் நினைவாக வந்தவர் என்பதுதான் இடிக்கிறது. 1936 வரை அணியின் பெயர் ‘மிசிசிப்பி ஃப்ளட்’. அதாவது வெள்ளம். மாணவர் பத்திரிகை நடத்திய பெயர்ப் போட்டியில்தான் ‘ரெபெல்ஸ்’ வந்தது, போர் முடிந்து 71 ஆண்டு கழித்து. கர்னலின் படம் அதற்கும் பிறகு. வேஷம் கட்டி அவர் மைதானத்தில் இறங்கியதோ 1979-ல்.

அந்த உருவத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அகன்ற தொப்பி, நரைத்த மீசை, ஆட்டுத்தாடி, நீளக் கோட்டு, ஊன்றுகோல். இருபது வயதில் துப்பாக்கி தூக்கிப் போன மாணவன் இதில் எங்கே? இது பருத்திப் பண்ணை முதலாளி. பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயரான ‘ஓல் மிஸ்’கூட அடிமைகள் பண்ணைவீட்டு எஜமானியை அழைத்த சொல்தான். ஆண்டுமலருக்கு வைத்த பெயர், பிறகு பல்கலைக்கழகத்துக்கே ஒட்டிக்கொண்டது. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடி விளையாட்டு அரங்கில் பெருகியது 1948-ல், கறுப்பினத்தவரின் சிவில் உரிமைகளை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் தென்மாநிலக்காரர்கள் கட்சியிலிருந்து பிரிந்துபோன ஆண்டில். 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர வந்தபோது வளாகத்தில் கலவரம் வெடித்து இருவர் இறந்தார்கள். இந்தச் சின்னங்களுக்குள் இருப்பது 1863-ஐவிட இந்த வரலாறுதான்.

நீக்கிய விதம் சுவாரசியமானது. அரசுப் பல்கலைக்கழகம் கொடியைத் தடை செய்தால் பேச்சுரிமை வழக்கில் தோற்கும். அதனால் 1997-ல் கொடியைத் தொடவில்லை, கொடிக்கம்பைத் தடுத்தார்கள்: பாதுகாப்புக் காரணத்தால் அரங்கில் குச்சிகளுக்கு அனுமதியில்லை. வழக்குப் போட்டும் விதி நின்றது. கம்பில்லாத கொடியை யார் நான்கு மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டிருப்பது?

சறுக்கியது அடுத்த படியில். 2003-ல் கர்னலை மைதானத்திலிருந்து எடுத்தவர்கள் மாற்று எதுவும் வைக்கவில்லை. ஏழு ஆண்டு வெற்றிடம். அந்த இடைவெளியில் ரசிகர்கள் தாங்களே கர்னல் வேஷம் போட்டு வந்தார்கள். 2010-ல் கறுப்புக் கரடி. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1902-ல் மிசிசிப்பியில் கரடியைச் சுட மறுத்த கதை அதற்கு ஆதாரம். கதை நல்லதுதான், ஆனால் மைதானத்தோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ரசிகர்கள் ஏற்கவில்லை.

சுறா அப்படி மேலிருந்து இறங்கியதல்ல. 2008-ல் அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர்கள் நல்ல ஆட்டம் ஆடியதும் கையை நெற்றிமேல் சுறாவின் முதுகுத் துடுப்புபோல நிமிர்த்திக் காட்டத் தொடங்கினார்கள், அரங்கமே அதைப் பிடித்துக்கொண்டது. தொடங்கிவைத்தவர் டோனி ஃபைன். இராக் போருக்குப் போய்வந்து கல்லூரி ஆட்டம் ஆடியவர். 2009-ல் இறந்துபோனார். 2017 வாக்கெடுப்பில் வாக்களித்த மாணவர்களில் 81 சதவீதம் சுறாவை ஆதரித்தார்கள். சுறாவின் பெயர் டோனி. நிஜமாகப் போருக்குப் போன ஒரு மாணவரின் பெயரை வைத்திருக்கும் சின்னம் இதுதான், கர்னல் அல்ல.

சுறாவை எடுத்துவந்தாலும் ‘ரெபெல்ஸ்’ பெயர் அப்படியேதான் இருக்கிறது. அதை முழுத் தீர்வு என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் தேடும் உள்ளூர் வரலாறு வேறிடத்தில் இருக்கிறது. 1862-ல் அதே உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டைக்குப் பின் வளாகத்தின் லைசியம் கட்டடம் மருத்துவமனையானது. அங்கு இறந்தவர்களையெல்லாம் சேர்த்துப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வளாக முகப்பில் 1906-லிருந்து நின்ற தென்படைப் போர்வீரன் சிலையை 2020-ல் நகர்த்தினார்கள். பழைய கூடைப்பந்து அரங்கின் பின்புறம் இருக்கிறது அந்தத் தோட்டம்.