டெல்லிக்குப் போகிற தீர்மானம்

கேள்வி: எங்கள் சேரன்மகாதேவி ஒன்றியத்து ஊராட்சிகளும் ராதாபுரம் ஒன்றியத்து ஊராட்சிகளும் சேர்ந்து மத்திய அரசுக்கு ஒரே கோரிக்கை வைக்கப் பார்க்கிறோம். எங்களுக்கு ஆறு இருக்கிறது, ரோடு இல்லை. அவர்களுக்குத் தண்ணீரே இல்லை. கூட்டம் போட்டாலே சண்டை. என்ன வழி?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், சேரன்மகாதேவி வட்டாரம்

பதில்: சண்டை பணத்தில் இல்லை, கேட்கிற விதத்தில் இருக்கிறது. மத்திய அரசின் வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 15-வது குழு (2021–26), ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தை 'டைடு' (இன்ன வேலைக்கு மட்டும்) என்று கட்டிவைத்தது: பாதி குடிநீருக்கு, பாதி கழிப்பறை, துப்புரவுக்கு. மீதி 40-இல் ரோடு போடலாம் என்றது. சம்பளம் கொடுக்கக் கூடாது என்றது. "டைடு பங்கைக் குறையுங்கள்" என்றால் ராதாபுரத்துக்காரர்கள் எழுந்துதான் போவார்கள். வானம் பார்த்த பூமி, அவர்களுக்கு அந்தப் பங்கு உயிர்.

ஒரு தலைப்பில் தேவை முழுதும் தீர்ந்துவிட்டால் அந்தப் பணத்தை மற்றத் தலைப்புக்கு மாற்ற அந்த விதியே இடம் கொடுத்தது. இரண்டும் தீர்ந்த ஊர் ரோட்டுக்கு மாற்றத்தான் வழியில்லாமல் இருந்தது. "இரண்டும் நிறைவு என்று கிராம சபை தீர்மானித்த ஊராட்சி, மிச்சத்தைப் பொதுப் பணிக்கு மாற்றலாம்" என்று கேளுங்கள். ராதாபுரத்துக்கு ஒரு பைசா குறையாது. அவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். பக்கத்து ஊருக்கு நஷ்டம் வராத கோரிக்கை எது என்று தேடுவதுதான் முதல் வேலை. அப்படிக் கிடைக்காதவற்றைப் பொது மனுவில் சேர்க்கவே வேண்டாம். நாற்பது கோரிக்கை உள்ள மனுவை யாரும் இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

வாசகத்தை முதலில் முடிவு செய்து, எல்லா ஊரிலும் எழுத்து மாறாமல் அதையே நிறைவேற்றுங்கள். ஆளுக்கொரு நடையில் எழுதி, கடைசியில் "ஆவன செய்ய வேண்டுமாய்" என்று முடித்தால் அது எண்ணிக்கையில் சேராது. கிராம சபைக் கோரமும் (கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு) முக்கியம்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர். தீர்மான எண்ணும் தேதியும் இல்லாத நகல் வெறும் காகிதம்.

கேள்வி: மனுவை எப்போது, யாரிடம் கொடுப்பது?
– வாசகர், வள்ளியூர்

பதில்: பிப்ரவரி 1 பட்ஜெட்டுக்கு ஜனவரியில் மனு கொடுப்பவர்கள்தான் அதிகம். அதற்குள் துறைகளின் கணக்கு முடிந்திருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டு, செப்டம்பரில் எம்.பி. கையில் கொடுங்கள்.

நிதிக்குழு விஷயம் வேறு; அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். 16-வது குழு 2023 டிசம்பர் 31-இல் அமைந்து, 2024 நவம்பரில் தமிழகம் வந்தது. அன்று கையில் தாள் இல்லாதவர்களுக்கு அடுத்த குழுதான்.

எம்.பி.க்கு இருபது பக்கம் தராதீர்கள். மக்களவையில் விதி 377-இன் கீழ் அவர் எழுப்பும் விஷயம் சுமார் 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும். அந்த அளவில் நீங்களே எழுதிக் கொடுத்தால் அப்படியே வாசிக்கலாம். கேள்வியாகக் கேட்பதென்றால் 15 நாள் முன்னறிவிப்பு தேவை.

கேள்வி: திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் போதாதா?
– வாசகர், முக்கூடல்

பதில்: உள்ளாட்சி என்பதே அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 5-வது இனம், அதாவது மாநில அரசின் பொறுப்பு. உங்கள் கோரிக்கை தலைவர் அதிகாரம், வரி, தெருவிளக்குக் கட்டணம் என்றால் அதுவே சரியான இடம், டெல்லிக்கு எழுதுவது வீண் தபால் செலவு. மத்திய மானியத்தின் நிபந்தனையை மாற்றக் கேட்பதென்றால் மட்டும் மேலே சொன்ன வழி.